மாறும் கெர்னலும் வெளியார் கூறுகளும்

திருவனந்தபுரத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் பள்ளியில் பழகும் கணிப்பொறி விண்டோஸில் இயங்குவதன்று, லினக்ஸில் இயங்குவது. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001-ஆம் ஆண்டில் இந்நகரில்தான் தொடங்கப்பெற்றது. இன்று கேரள அரசின் 'கைட்' நிறுவனம், உபுண்டுவை அடியொற்றிப் பள்ளிகளுக்கென ஓர் இயங்குதளத்தைத் தொகுத்து வழங்குகின்றது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தகவல் தொழில்நுட்பச் செய்முறையும் உண்டு. ஆதலின் கணிப்பொறிக் கூடம் முடங்குவது சிறு செய்தியன்று.

கடையில் மலிவாய்க் கிடைக்கும் கம்பியில்லா இணைப்புக் கருவி ஒன்றை வாங்கிச் செருகுகின்றோம் என வைத்துக்கொள்வோம். அதற்குரிய இயக்கி இயங்குதளத்தில் இல்லை. செய்தவர் தனியே தந்த நிரலை நிறுவியபின் நன்கு வேலை செய்கின்றது. சில மாதங்கள் கழிந்து இயங்குதளம் தன்னைப் புதுப்பித்துக்கொள்கின்றது. மறுநாள் இணைப்பு இல்லை. கருவி பழுதாயிற்றென்று பலர் எண்ணுவர். பழுது அதில் இல்லை.

இயங்குதளத்தின் உட்கருவையே கெர்னல் என்கின்றோம். நினைவகம், வட்டு, வலை யாவும் அதன் ஆட்சியில் உள்ளவை. அதனோடு வேண்டும்போது இணைத்து, வேண்டாதபோது கழற்றத்தக்க துண்டு நிரலே மாட்யூல், அதாவது கூறு. ஒரு கெர்னலுக்கெனத் தொகுக்கப்பெற்ற கூற்றை மற்றொரு கெர்னல் பொதுவாக ஏற்பதில்லை. பதிப்புக் குறி ஒவ்வாவிடில் தள்ளிவிடும். உபுண்டு 22.04 வெளிவந்தபோது 5.15 கெர்னலைக் கொண்டிருந்தது; பின்னர் அதே வெளியீட்டிற்கு 6.8 வரையிலும் வழங்கப்பெற்றது.

கொல்லம் – செங்கோட்டை இருப்புப்பாதையில் பயணம் செய்த அன்பர்களுக்கு இது எளிதில் விளங்கும். 1904-இல் ஓடத் தொடங்கிய அம்மீட்டர் பாதை 2018-இல் முழுவதும் அகலப் பாதையாயிற்று. பழைய பெட்டிகள் கெட்டுப்போகவில்லை. அவை நிற்கும் பாதைதான் இல்லாமற்போயிற்று.

பாதையை ஏன் மாற்றவேண்டும்? ஒரு சான்று போதும். பயன்பாட்டு நிரல் காட்டும் நினைவக இடம் முறையானதா என்று சோதிக்கும் 'ஆக்சஸ்_ஓகே' என்னும் செயற்கூறு, படிப்பதா எழுதுவதா என்பதையும் சேர்த்து மூன்று செய்திகளைக் கேட்டுவந்தது. 386 சில்லில் எழுதுதற்குரிய தடை கெர்னலுக்குப் பொருந்தாமையே அதற்குக் காரணம். அச்சில்லுக்கான ஆதரவு 2013-இல் 3.8 பதிப்பில் நீக்கப்பட்டது. பயனற்ற அம்மூன்றாவது செய்தியை 2019-இல் 5.0 பதிப்பில் லினஸ் டோர்வால்ட்ஸ் நீக்கினார். கெர்னலுக்குள் இருந்த இயக்கிகள் அனைத்தும் அதே திருத்தத்தில் திருத்தப்பட்டன. வெளியாரின் கூறுகளோ, மூன்று செய்திகளோடு அழைத்தவை, தொகுக்கும்போதே நின்றுபோயின.

பயன்பாட்டு நிரல்களுக்குத் தந்த வாக்கை லினக்ஸ் பெரிதும் காக்கின்றது. உள்ளமைப்பைப் பற்றி எவருக்கும் வாக்குத் தந்ததில்லை. இது கடுமைபோல் தோன்றலாம். எனினும் பழைய வாயில்களையெல்லாம் என்றென்றும் திறந்துவைத்தால் பிழையும் பாதுகாப்புக் கேடும் அவ்வழியே புகும். என் கருத்தில் இவ்வழக்கு நியாயமானதே. இடர்ப்படுவோர் வாங்குவோர் என்பதுதான் வருந்தத்தக்கது.

2003-இல் டெல் நிறுவனத்தார் 'டிகேஎம்எஸ்' என்னும் ஏற்பாட்டைச் செய்தனர். புதிய கெர்னல் வரும்போதெல்லாம் வெளியார் கூற்றின் மூலநிரலை அது தானே மீண்டும் தொகுக்கும். தொகுப்பானும் கெர்னல் தலைப்புக் கோப்புகளும் கணிப்பொறியில் இருத்தல் வேண்டும். உள்ளமைப்பே மாறியிருப்பின் இதுவும் தோற்கும். மூலநிரலை ஒருவர் திருத்தியே ஆகவேண்டும். அதுவரை தொடக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்து பணியை நடத்தலாம். புதுப்பித்தலையே நிறுத்திவிடுவது மட்டும் கூடாது. பாதுகாப்புத் திருத்தங்களும் அதனோடு நின்றுவிடும்.

நிலையான வழி, இயக்கியை மூலநிரலோடு கெர்னலுக்குள்ளேயே சேர்ப்பித்தலாம். ஆகவே கருவி வாங்குமுன் அதன் இயக்கி கெர்னலில் உள்ளதா என வினவுக. நிறுவிய பின்னரும் 'மாட்இன்ஃபோ' என்னும் ஆணையால் அறியலாம்: உள்ளிருக்கும் கூற்றிற்கு 'இன்ட்ரீ' என்ற வரியில் 'ஒய்' என வரும். வெளியிலிருந்து வந்த கூறு ஏறியதும் கெர்னல் தன்மேல் 'ஓ' என்னும் குறியைத் தானே இட்டுக்கொள்கின்றது. பின்னர்ப் பிழை நேரின் அதனை ஆராய்வோர் முதலில் நோக்குவது அக்குறியையே.