இசைக் குறிப்பும் எளிய எழுத்தும்

பாட்டானது காற்றிலே பிறந்து காற்றிலே மறைவது. அதனை நிலைபெறச் செய்ய மக்கள் கண்ட உபாயமே சுரக்குறிப்பு. அக்குறிப்பை இட்டு வைக்கும் பேழையைத் திறக்க இயலாதாயின், எழுதியும் எழுதாததேயாகும். கணினியில் இசை எழுதுவோர் யாவரும் எண்ணத்தக்க இவ்விஷயத்தை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

கணினிக் கோப்புகள் இருவகைப்படும். ஒன்று, எந்தக் கணினியிலும் எழுத்தாகவே திறந்து படிக்கத்தக்கது. மற்றொன்று, ஒரு நிறுவனத்தார் தம் மென்பொருளுக்கென்றே வகுத்துக்கொண்டது; அம்மென்பொருள் இல்லாதார்க்கு அது பொருளற்ற குறிகளின் குவியலேயாம். இதனால் வரும் இடர்க்கு 'பினாலே' தக்க சான்று. 1988-ஆம் ஆண்டில் வெளிவந்து, இசையாசிரியரும் பதிப்பாளரும் பெரிதும் கையாண்ட அம்மென்பொருளின் வளர்ச்சிப் பணி 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நிறுத்தப்பட்டது. பல்லாண்டு உழைப்பால் திரண்ட கோப்புகளை வேறு வடிவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டிய நிலை பலர்க்கும் நேர்ந்தது.

எழுத்தால் இசையைக் குறிப்பது புதிதன்று. ச, ரி, க, ம, ப, த, நி என எழுதுவது நம் நாட்டு வழக்கு. இங்கிலாந்திலே நார்விச் நகரத்துச் சாரா குளோவர் அம்மையார் வகுத்த முறையைத் திருத்தி, ஜான் கர்வன் என்னும் போதகர் 19-ஆம் நூற்றாண்டில் டானிக் சோல்பா முறையைப் பரப்பினார். அதனை அச்சிட ஐந்து கோடுகள் வேண்டா. சாதாரண அச்செழுத்துக்களே போதும். ஆதலின் அது குறைந்த செலவில் பள்ளிகளிலும் ஆலயங்களிலும் பரவிற்று.

இவ்வழியிலே கணினிக்கு அமைந்தது, கிறிஸ் வால்ஷா என்பார் நாட்டுப்புற மெட்டுகளுக்கென வகுத்த ஏ-பி-சி முறை. ஆங்கிலப் பெரிய எழுத்து ஒரு ஸ்தாயியையும், சிறிய எழுத்து அதன் மேல் ஸ்தாயியையும் குறிக்கும். எழுத்தை அடுத்து 2 என இட்டால் காலம் இரட்டிக்கும். ஒரு மெட்டு முழுவதும் சில வரிகளில் அடங்கும். முறையறிந்தார் அதனைக் காகிதத்தில் கண்டும் பாடலாம். 1996-இல் தொடங்கப்பட்ட 'லிலிபாண்ட்' என்னும் மென்பொருளோ, இத்தகைய எழுத்தினின்றே ஐந்து கோட்டுப் பக்கங்களை அழகுற அமைத்துத் தருவது. மைக்கேல் குட் உருவாக்கி, 2004-இல் முதற் பதிப்பு வெளிவந்த 'மியூசிக் எக்ஸ்எம்எல்' பல மென்பொருள்களுக்கிடையே தூது செல்வது. அதுவும் எழுத்தாலாயதே.

எனினும், எளிய எழுத்து யாவற்றிற்கும் ஒக்கும் என்று நாம் கூறோம். பெரிய வாத்தியக் குழுவுக்கு எழுதுவோர் கோடுகளைக் கண்முன் கண்டே எழுத விரும்புவர். ஒரு வடிவினின்று மற்றொன்றுக்கு மாற்றுங்கால் சுரமும் காலமும் சேதமின்றிச் சென்றாலும் பக்க அமைப்புச் சிதைதல் கூடும்.

ஆதலின், எதில் எழுதினும் எழுதுக. முடித்தவுடன் ஒரு படியைத் திறந்த எழுத்து வடிவிலும், மற்றொன்றைக் காகிதத்திலும் வைத்துக்கொள்க. இன்று கல்லூரிப் பாடகர் குழுவுக்கு நாற்குரலில் இசையமைக்கும் மாணவர், இருபது ஆண்டுகள் கழித்துப் பழைய மாணவராய் ஈண்டு வருங்கால், அப்பாட்டை அன்றைய மாணவர் பாடக் கேட்டல் வேண்டுமன்றோ? அதற்குரிய திறவுகோல் அயலார் கையிலன்றி நம் கையிலேயே இருப்பதாக.