பிள்ளைகளின் உதவித்தொகையும் நம் கடைக் கணக்கும்

ஜூன் பிறந்துவிட்டால் நம் கல்லாவுக்குக் காய்ச்சல் வந்துவிடும். காலேஜ் பீஸ், ஹாஸ்டல், புத்தகம் என்று பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். கொடுத்த பணத்தை எதில் எழுதுவது, வந்த உதவித்தொகைக்கு வரி உண்டா என்று உறுப்பினர்கள் பலர் கேட்டதால் எழுதுகிறோம்.

உதவித்தொகை நம் ஊருக்குப் புதிதல்ல. பிடியரிசியும் மகமையும் சேர்த்துப் பள்ளி நடத்திய ஊர் இது. 1889-ல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலையில்தான் காமராசரும் படித்தார்.

படிப்புச் செலவுக்கென்று தரும் உதவித்தொகை, வரிக்குரிய வருமானம் ஆகாது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 10(16) பிரிவு அதற்கு விலக்குத் தந்தது, உச்சவரம்பு இல்லை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறினாலும் விலக்கு தொடர்கிறது.

பிறகென்ன பயம் என்பீர்கள். நாங்கள் பட்டதைச் சொல்கிறோம். கடையில் பங்குதாரரான தம்பியின் மகனுக்கு ஓர் அறக்கட்டளை 40,000 ரூபாய் தந்தது. பையனுக்கு வங்கிக் கணக்கு இல்லையென்று செக்கைக் கடையின் கரண்ட் அக்கவுண்டில் போட்டோம். மல்லி, வத்தல் விற்ற பணத்தோடு கலந்து, பேரேட்டில் அதுவும் விற்பனை வரவாக ஏறிவிட்டது. வருஷ முடிவில் ஜிஎஸ்டி கணக்கோடு ஒத்துப் பார்த்தால் சரியாக 40,000 உதைக்கிறது! அறக்கட்டளையின் கடிதத்தைத் தேட மூன்று நாள் ஆயிற்று. போதாததற்குப் பையனின் பீஸைக் கடைச் செலவில் எழுதியிருந்தோம். ஆடிட்டர் சிவப்பு மையால் அடித்துத் தம்பியின் சொந்தப் பற்றில் சேர்த்தார். அவர் செய்ததே சரி. பிள்ளை படிப்பு வியாபாரச் செலவல்ல.

கட்டிய பீஸுக்குக் கழிவு உண்டு, பழைய வரி முறையில் இருப்போருக்கு மட்டும். இந்தியாவில் முழுநேரம் படிக்கும் இரண்டு பிள்ளைகள் வரை, டியூஷன் பீஸ் மட்டுமே. நன்கொடை, ஹாஸ்டல், பஸ் சேராது. எல்.ஐ.சி., பி.பி.எப். எல்லாம் சேர்த்தே வரம்பு 1,50,000 ரூபாய். பீஸ் 60,000-ல் உதவித்தொகை 40,000 நேராகக் கல்லூரிக்குப் போனால், நம் கையிலிருந்து போன 20,000-க்குத்தான் கழிவு கேட்கலாம். வீட்டம்மாவுக்குத் தனி வருமானமும் வரியும் இருந்தால், அவர் கட்டும் பீஸுக்கு அவர் கணக்கில் இரண்டு பிள்ளைகள்.

மேற்படிப்புக்கு வங்கிக் கடன் வாங்கினால் வட்டிக்கு எட்டு வருஷம் வரை கழிவு, உச்சவரம்பின்றி. இதுவும் பழைய முறையில்தான். அசலுக்குக் கிடையாது. கைமாற்றுக்கும் சீட்டுப் பணத்துக்கும் கிடையாது.

இனித்தான் நமக்குச் சிக்கல். 2023-24 நிதியாண்டு முதல், நாம் எழுதிக் கொடுக்காவிட்டால் புதிய வரி முறைதான். சம்பளக்காரர் வருஷா வருஷம் மாற்றிக்கொள்ளலாம். வியாபார வருமானம் உள்ளவர் பழைய முறைக்குப் போய் ஒருமுறை திரும்பிவிட்டால், வியாபாரம் இருக்கும்வரை மறுபடி போக முடியாது. பீஸ் ரசீதைப் பார்த்து அவசரப்படவேண்டாம். 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை சாதாரண வருமானத்துக்கு வரியே வராது; சிறு மளிகைக்கடைக்காரர் பலருக்கு இந்தக் கழிவே தேவைப்படாது. அதற்கு மேல் வருமானம் உள்ளவர்கள், ரிட்டர்ன் கெடுவுக்கு முன்பே ஆடிட்டரோடு உட்கார்ந்து இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். போகும்போது பிள்ளையின் பாஸ்புக், உதவித்தொகைக் கடிதம், பீஸ் ரசீது மூன்றையும் எடுத்துப் போங்கள்.