கழிவுக் காகிதத்திலிருந்து அடுப்பு விறகு

கோலார் தங்கவயலில் தொடக்க காலச் சுரங்க எந்திரங்களை நீராவியே இயக்கிற்று; அவற்றின் கொதிகலன்களுக்கு விறகும் நிலக்கரியும் ஏராளமாகத் தேவைப்பட்டன. 1902-ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் கடந்து மின்சாரம் வந்தது. எந்திரங்கள் மாறின, வீட்டு அடுப்புகளோ நெடுங்காலம் விறகையே நம்பியிருந்தன. 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டு வருவாய் குன்றிய குடும்பங்களுக்கு எரிபொருட் செலவு சிறிதன்று. தங்கவயற் பகுதிகளிலும் பிற ஊர்களிலும் ஆசிரியர்கள் எளிதிற் செய்து காட்டக்கூடிய ஒரு முறை இது.

காகிதத்தைக் கிழித்து இரண்டு நாள் நீரில் ஊறவைத்து, உரலிலிட்டுக் கூழாகும்வரை இடிக்க வேண்டும். துளையிட்ட தகரக் குவளையில் கூழை நிரப்பி, நடுவே ஒரு குச்சியை நிறுத்தி, நீர் வடியுமாறு நன்கு அழுத்த வேண்டும். பிறகு குச்சியை உருவிவிட்டு, கட்டியை வெளியிலெடுத்து வெயிலில் உலர்த்த வேண்டும். பசை எதுவும் வேண்டுவதில்லை. காகித இழைகள் உலரும்போது தாமே ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். தளர்ந்த காகிதம் நாற்புறமும் காற்றுப் பட்டு நொடியில் எரிந்துவிடும். இறுகிய கட்டி மெதுவாக எரியும். நடுத்துளை உலர்தலுக்கும் எரிதலுக்கும் துணைசெய்யும்.

இதன் வெற்றி உலர்தலைப் பொறுத்தது. உலர்ந்த காகிதம் ஒரு கிலோவுக்குச் சுமார் 4,000 கிலோகலோரி உஷ்ணம் தரும். பாதி நீராயுள்ள ஒரு கிலோ கட்டியிலோ 2,000 கிலோகலோரியே உண்டு. அதிலும் சுமார் 300, நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும். எஞ்சியதிலும் ஒரு பகுதி புகையாய்ப் போகும். ஆகவே, மாணவர்களைக் கொண்டு கட்டியை நாள்தோறும் நிறுத்துக் குறிக்கச் செய்க. எடை குறைவது நின்ற பின்னரே அது அடுப்புக்கு ஏற்றது.

பிளாஸ்டிக் பூசிய தாள்களை எரித்தல் கூடாது. அவற்றின் புகை தீயது. வழவழப்பான தாள்களில் களிமண் பூச்சு இருப்பதால் சாம்பல் மிகும். மூடிய அறையில் எரித்தால் மணமும் நிறமும் அற்ற கார்பன் மோனாக்சைடு உயிருக்கே ஆபத்தாகும். புகைபோக்கியும் காற்றோட்டமும் இன்றியமையாதவை.

தூய காகிதத்தைப் பழைய காகித வியாபாரியிடம் கொடுப்பதே சிறந்தது. அதன் இழைகள் பலமுறை மீண்டும் காகிதமாகும். அடுப்பிலோ ஒரு முறைதான் பயன்படும். ஆலைக்கு உதவாத கிழிசலும் அழுக்குத் தாளுமே அடுப்புக்கு உரியவை என்பதைக் களப்பணியாளர்கள் மக்களுக்கு முதலில் எடுத்துரைப்பார்களாக.