தற்காலிகக் கோப்புகளும் மாறிய வழக்கமும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்

கணிப்பொறி வேலை செய்யும்போது தனக்கென்று பல குறிப்புகளை எழுதிக்கொள்கிறது. இவற்றையே தற்காலிகக் கோப்புகள் என்கிறோம். வேலை முடிந்தபின் இவற்றால் பயனில்லை. ஆனால் நீக்காவிட்டால் வட்டு நிரம்பிவிடும். காசிமேட்டில் ஏலம் முடிந்ததும் தரையைக் கழுவிவிட வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் மீனை எங்கே கொட்டுவது?

லினக்ஸ் இயக்க அமைப்பில் இதற்கென இரண்டு அடைவுகள் உண்டு. ஒன்று 'டெம்ப்'. மற்றொன்று 'வார்' என்னும் அடைவுக்குள் இருக்கும் இன்னொரு 'டெம்ப்'. முதலாவதில் உள்ளவை கணிப்பொறியை மீண்டும் தொடங்கும்போது போய்விடலாம். இரண்டாவதில் உள்ளவை அதன் பின்னும் நிலைத்திருக்க வேண்டும் என்பது மரபு.

தொடங்கும் நேரத்தில் ஏன் துப்புரவு செய்கிறார்கள்? பழைய கோப்பு எதையும் எந்த நிரலும் பயன்படுத்தவில்லை என்று உறுதியாகச் சொல்லக்கூடிய நேரம் அதுதான். நடுவேலையில் நீக்கினால், ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தன் குறிப்பைத் தேடித் தவிக்கும். ஆனால் மாதக்கணக்கில் நிறுத்தாமல் ஓடும் இயந்திரங்களும் உண்டு. அவற்றில் கோப்பின் வயதைப் பார்த்து நீக்குவதே வழி.

இந்த வழக்கம் அண்மையில் மாறியது. உலகெங்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் டெபியன் லினக்ஸின் 13ஆம் பதிப்பு 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளிவந்தது. சென்னையில் சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸுக்கும் டெபியனே அடித்தளம் என்பதால் இச்செய்தி நமக்கு அயலானதன்று.

மாற்றங்கள் இரண்டு. முதலாவது, 'டெம்ப்' அடைவு இனி வட்டில் இராது, நினைவகத்தில் இருக்கும். நினைவகத்தில் பாதி வரை அது எடுத்துக்கொள்ளலாம். மின்சாரம் நின்றால் உள்ளிருப்பது அனைத்தும் மறையும். இரண்டாவது, புதிதாக நிறுவும் கணிப்பொறிகளில் 'டெம்ப்' அடைவில் 10 நாட்களும், 'வார்' உள்ளிருக்கும் அடைவில் 30 நாட்களும் தொடப்படாத கோப்புகள், இயந்திரம் ஓடும்போதே தாமாக நீக்கப்படும். முன்பு இந்த இரண்டாவது அடைவை யாரும் தொட்டதில்லை.

மாற்றம் நல்லதா, கெட்டதா என்பது ஒரு கேள்வி. அதைவிடப் பெரிய கேள்வி, அது உரியவர் காதுக்கு எட்டியதா என்பது. ஏனெனில் நம்மில் பெரும்பாலோர் அமைப்பு எப்படி வந்ததோ அப்படியே பயன்படுத்துகிறோம். அதில் ஒன்றை மாற்றினால், கேட்காமலேயே நம் எல்லோருடைய வழக்கத்தையும் மாற்றியதாகிறது.

நம் கடற்கரையில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மீன்பிடித் தடைக்காலம் முன்பு 45 நாட்கள்; 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி 61 நாட்கள். இது தெரியாமல் 46ஆம் நாள் விசைப்படகை இறக்கியவர் நிலை என்ன ஆகும்? ஆகவேதான் அரசிதழில் அச்சிட்டால் மட்டும் போதாது. துறைமுகத்திலும் சொல்ல வேண்டும்.

டெபியன் குழுவினர் தம் வெளியீட்டுக் குறிப்பில் மாற்றத்தையும், பழைய வழக்கத்திற்குத் திரும்பும் முறையையும் எழுதியிருக்கிறார்கள். அது பாராட்டுக்குரியது. ஆனால் அக்குறிப்பைப் படிப்பவர் இயந்திரத்தை நிறுவுபவர். கோப்பை இழப்பவரோ அதன்முன் அமரும் மாணவர். வீட்டில் கணிப்பொறி இல்லாமல், எண்ணூரிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் வந்து ஆய்வுக்கூடத்தையே நம்பியிருக்கும் நம் போன்றோருக்கு ஒரு கோப்பு என்பது பல நாள் உழைப்பு.

எனவே ஆய்வுக்கூடங்களில் அமைப்பைப் புதுப்பிக்கும்போதெல்லாம் நான்கு வரி அறிவிப்பைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டலாம்: என்ன மாறியது, எந்த நாள் முதல், எது அழியும், எங்கே சேமிக்க வேண்டும். மாணவ நண்பர்களும் பாடப்பதிவுகளைத் தத்தம் வீட்டு அடைவிலேயே வைத்து, ஒரு படியைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்வது நலம். பெயரிலேயே 'தற்காலிகம்' என்றிருக்கும் இடத்தில் நிரந்தரத்தைத் தேட வேண்டாம்.