நினைத்தால்தான் சொகுசு

விலை உயர்ந்த கார் விற்கும் ஷோரூமில் கொஞ்ச நேரம் நின்றால் ஒன்று கண்ணில் படும். வருகிறவர்களில் பலர் எஞ்சினைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே கதவைத் திறந்து ஒருமுறை சாத்திப் பார்ப்பார்கள். ‘டொப்’ என்று கனமாக, ஒரே அடியில் அடங்கும் ஓசை வந்துவிட்டால் முகத்தில் ஒரு திருப்தி. சந்தையில் மண்பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குகிற அதே பழக்கம்தான் இது. பானையில் விரிசல் இருந்தால் ஓசை காட்டிக்கொடுத்துவிடும். கார்க் கதவின் ஓசையை மட்டும் அப்படி அப்பாவித்தனமாக நம்பிவிட முடியாது. அந்த ஓசை தானாக வருவதில்லை. அதற்கென்றே பொறியாளர்கள் உட்கார்ந்து அதை உருவாக்குகிறார்கள்.

கதவின் வெளித்தகடு ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத தகரம். அதை அப்படியே விட்டால் சாத்தும்போது டப்பாவைப் போல அதிரும். எனவே தகரத்தின் உட்பக்கம் பிசுபிசுப்பான தார்ப் பொருளிலோ ரப்பரிலோ செய்த பட்டைகளை ஒட்டுகிறார்கள். தகரம் அதிரும்போது அந்தப் பட்டை நீண்டு சுருங்கி, அதிர்வின் ஆற்றலை வெப்பமாக மாற்றித் தின்றுவிடுகிறது. அடுத்தது பூட்டு. சட்டத்தில் இருக்கும் கம்பியில் கதவின் கொக்கி மோதுவது ஒரு சத்தம். கொக்கி திரும்பிப் பூட்டிக்கொள்வது இன்னொரு சத்தம். இரண்டும் தனித்தனியாகக் கேட்டால் ‘சடக் சடக்’ என்று மலிவாக இருக்கும். உலோகத்தின்மேல் பிளாஸ்டிக் பூசி, இரண்டையும் நெருக்கி ஒன்றாக்கிவிடுகிறார்கள். மூன்றாவது, நம் மெக்கானிக்குகள் பீடிங் என்று சொல்லும் ரப்பர் விளிம்பு. அது மெல்ல நசுங்கி, கதவின் கடைசி வேகத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். அதே நேரத்தில் உள்ளே அடைபடும் காற்றுக்கும் வழி வேண்டும். இல்லையென்றால் கதவு திரும்பத் துள்ளும், காதும் அடைக்கும். இதற்காகப் பல கார்களில் பின்பக்க பம்பரின் மறைவில் காற்று வெளியேறும் சிறு மடல்கள் இருக்கின்றன. சொந்தக்காரர்களில் பெரும்பாலானவர்கள் அவற்றைக் கடைசிவரை பார்த்திருக்கவே மாட்டார்கள்.

இவ்வளவும் எதற்காக? பெரிய, கனமான பொருள்கள் பொதுவாக மெதுவாக அதிரும். அதனால்தான் தாழ்ந்த ஓசையைக் கேட்டதும் ‘இது கனமானது’ என்று நம் காது தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. கிண்கிணியாக ஒலிக்கும் உயர் அதிர்வெண்களைக் கழித்துவிட்டால், எடையை ஏற்றாமலே கதவின் ‘கனத்தை’ ஏற்றிவிடலாம். மனிதக் காது உணர்கிற விதத்திலேயே ஒலியை அளக்கும் அறிவியலுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர், மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் எபர்ஹார்ட் ஸ்விக்கர். உரப்பை ‘சோன்’ என்ற அலகிலும், காதைக் குத்தும் கூர்மையை ‘அக்கும்’ என்ற அலகிலும் அளக்கிறார்கள். இன்று ஒரு கதவின் தரத்தை வெறும் டெசிபலில் பேசுவதில்லை. அது எவ்வளவு கூர்மை குறைந்து ஒலிக்கிறது என்பதும் முக்கியமான கேள்வி.

காதுக்கு இப்படி என்றால் மூக்குக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. இங்கோல்ஸ்டாட்டில் உள்ள ஆடி நிறுவனத்தில் 1985 முதல் வாசனையைச் சோதிப்பதற்கென்றே ஒரு குழு இயங்குகிறது. சீட் தோல், பசை, கம்பளம், டாஷ்போர்டு பிளாஸ்டிக் என ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை வெட்டி மூடிய கண்ணாடிக் குடுவையில் போட்டுச் சூடேற்றி முகர்ந்து பார்க்கிறார்கள். ஜெர்மன் கார் துறைக்கு இதற்கென ஒரு பொது விதியே இருக்கிறது. அதில் ஒரு முறை இப்படிப் போகும்: குடுவையை 80 டிகிரி செல்சியஸில் 2 மணி நேரம் வைத்து, 60 டிகிரிக்கு ஆறவிட்டு, குறைந்தது மூன்று பேர் முகர்ந்து 1 முதல் 6 வரை மதிப்பெண் போட வேண்டும். 1 என்றால் வாசனையே தெரியவில்லை. 6 என்றால் தாங்க முடியவில்லை. வெயிலில் நின்ற காரின் கதவைத் திறந்ததும் வரும் அந்த முதல் மூச்சுக்காக இத்தனை பாடு.

அப்படியென்றால் இப்படி இழைத்துச் செய்த காரை வைத்திருப்பவர், தினமும் அதில் போகும்போது மற்றவர்களைவிட அதிகமாக மகிழ்கிறாரா? எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த ஆராய்ச்சி இந்தக் கேள்வியைத்தான் கேட்டது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர்கள் நார்பர்ட் ஷ்வார்ஸும் ஜிங் ஷூவும் செய்து, 2011-இல் வெளியிட்ட ஆய்வு அது. பி.எம்.டபிள்யூ., ஹோண்டா அக்கார்டு, ஃபோர்டு எஸ்கார்ட் ஆகிய மூன்றையும் சொல்லி, எதை ஓட்டினால் எப்படி இருக்கும் என்று கேட்டார்கள். எல்லோரும் எதிர்பார்க்கிற பதில்தான் வந்தது: பி.எம்.டபிள்யூ.வில் சந்தோஷம் அதிகம். பிறகு கார் வைத்திருப்பவர்களிடம், ‘உங்கள் காரை ஓட்டும்போது வழக்கமாக எப்படி உணர்கிறீர்கள்?’ என்று கேட்டார்கள். இதற்கும் காரின் சந்தை மதிப்பு கூடக்கூட மகிழ்ச்சியும் கூடியதாகவே பதில் வந்தது.

கேள்வியைக் கொஞ்சம் மாற்றியதும் கதையே மாறியது. காரைப் பற்றிய ஆய்வு என்ற எண்ணமே எழாதபடி, ‘கடைசியாக எங்கோ ஓட்டிப் போனீர்களே, அப்போது எப்படி இருந்தது?’ என்று கேட்டபோது, காரின் விலைக்கும் சொன்ன மகிழ்ச்சிக்கும் தொடர்பே இல்லாமல் போனது. அன்றைய பயணத்தில் ஒருவருக்கு எரிச்சல், ஒருவருக்கு அலுப்பு, இன்னொருவருக்கு நிம்மதி. வண்டி எவ்வளவு விலை என்பது அதில் எதையும் தீர்மானிக்கவில்லை.

இதை வைத்து, சொகுசு கார்க்காரர்கள் பொய் சொல்கிறார்கள் என்று முடிவு கட்டினால் அது பெரிய தவறு. அன்றாடம் போய்வரும் ஆயிரம் பயணங்கள் நினைவில் தங்குவதில்லை. ‘வழக்கமாக எப்படி?’ என்று கேட்டால், தேடி எடுப்பதற்கு மனசுக்குள் சேமிப்பு எதுவும் இல்லை. எனவே மனம் தனக்குத் தெரிந்ததை வைத்து ஒரு பதிலைக் கட்டுகிறது: ‘இது நல்ல கார், ஜெர்மன் கார், ஓட்டினால் சுகமாகத்தானே இருக்கும்!’ பிராண்டின் பெயர் குடியிருக்கும் இடம் இதுதான். அனுபவம் அழிந்துபோன வெற்றிடத்தை அது நிரப்புகிறது. வாங்குவதற்கு முன்னால் எதிர்பார்ப்பாக இருந்ததே, வாங்கிய பின் நினைவாக வேடம் போட்டுக்கொண்டு வருகிறது. இரண்டும் ஒத்துப்போவதால் சொந்தக்காரருக்குச் சந்தேகம் வர வாய்ப்பே இல்லை. அடுத்த காரும் அதே பிராண்டாக இருக்கும்.

கார் மனத்தில் இல்லாதபோது காரால் ஒன்றும் செய்ய முடியாது என்பதே அந்த ஆய்வின் சாரம். நெரிசலில் நிற்பவர் மனத்தில் ஓடுவது ஆபீஸ், பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ், இன்னும் பேசி முடிக்காத ஒரு போன்கால். அப்போது சீட்டின் உறை தோலா ரெக்சினா என்பது உடம்புக்கே தெரியாது. மாறாக, ஓட்டுவதற்காகவே ஓட்டும்போது, கார் மனத்தின் முன்வரிசைக்கு வந்துவிடுகிறது. அந்த நேரத்தின் சுகம் உண்மையானது. கதவின் ‘டொப்’பையும் குடுவையில் சோதித்த வாசனையையும் இந்தக் கண்ணோட்டத்தில்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. மறந்துபோன காரை ஒரு நொடி மறுபடியும் நினைவுபடுத்துகிற தட்டல்கள் அவை. காரில் ஏறும்போதும் இறங்கும்போதும், அதாவது மனம் கொஞ்சம் காலியாக இருக்கும் அந்த இரண்டு தருணங்களில், அவை சரியாக வந்து நிற்கின்றன.

வாங்கியவர் தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொள்வதும் உண்டு. 1957-இல் அமெரிக்காவில் டானூட்டா எர்லிக்கும் மற்ற மூவரும் வெளியிட்ட ஆய்வு இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. புதுக் கார் வாங்கியவர்கள் பத்திரிகையில் எந்த விளம்பரங்களைப் படிக்கிறார்கள் என்று அவர்கள் பார்த்தார்கள். வாங்கலாமா என்று யோசித்துக் கைவிட்ட கார்களின் விளம்பரங்களைவிட, ஏற்கெனவே வாங்கிவிட்ட தங்கள் காரின் விளம்பரத்தையே அவர்கள் அதிகம் படித்தார்கள். விளம்பரம் விற்பதற்கு மட்டும் இல்லை, விற்றதை உறுதிப்படுத்துவதற்கும்தான். விலை ஏற ஏற, ‘சரியாகத்தான் செய்தோமா?’ என்ற உறுத்தலும் ஏறும். ஆறுதல் தேடும் கண்ணும் அதற்கேற்ப அலையும்.

மூளைக்குள்ளேயே போய்ப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். ஜெர்மனியின் உல்ம் நகரில் 12 ஆண்களை எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் படுக்கவைத்து ஸ்போர்ட்ஸ் கார், லிமோசின், சிறிய கார் ஆகியவற்றின் படங்களைக் காட்டினார்கள். 2002-இல் முடிவு வெளியானது. ஸ்போர்ட்ஸ் காரைக் கண்டதும், உணவு போன்ற வெகுமதிகளுக்குத் துடிக்கும் மூளைப் பகுதிகள் கூடுதலாகச் செயல்பட்டன. 12 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை, அதைப் பெரிதாக ஊதக் கூடாது. ஆனாலும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பழத்துக்கும் துணைக்கும் பழகிய ஒரு நரம்புப் பாதை, நூற்றைம்பது வயதுகூட ஆகாத ஓர் இயந்திரத்துக்கு வழிவிட்டிருக்கிறது என்பது வியக்க வைக்கிறது. படத்தைப் பார்ப்பவரின் கவனம் முழுவதும் காரின் மேல்தான் இருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

கவனத்தை இழுப்பதில் கார் நிறுவனங்களுக்கு ஒரு தொழில்நுட்பச் சங்கடம் வந்தது. காரை நேர்த்தியாக்க ஆக்க அது மனத்திலிருந்து மறைந்துபோகிறது. குலுக்கல் இல்லை, சத்தம் இல்லை என்றால் ஓட்டுகிற உணர்வே இல்லை. 2020-இல் வந்த ரோல்ஸ் ராய்ஸ் கோஸ்ட் இதற்கு ஓர் அழகான உதாரணம். அதில் சத்தத்தை உறிஞ்சும் பொருள் மட்டும் 100 கிலோவுக்கு மேல். இத்தனையும் வைத்த பிறகு, உள்ளே நிலவிய முழு அமைதி மனிதர்களைத் தடுமாற வைப்பதாக நிறுவனத்தின் ஒலியியல் பொறியாளர்கள் கண்டார்கள். பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? காரின் பாகங்கள் எல்லாம் ஒரே சுருதியில் மெல்ல முணுமுணுக்கும்படி திருத்தினார்கள். சீட்டின் சட்டம் வேறு அதிர்வெண்ணில் ஒலித்ததால் அதற்கு அதிர்வடக்கி வைத்து உடற்சட்டத்தின் சுருதிக்குச் சேர்த்தார்கள். பெட்டி வைக்கும் டிக்கியிலிருந்து வந்த தாழ்ந்த முழக்கம் அதைக் கெடுத்ததால், பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகையின் அடியில் காற்றுத் துளைகள் போட்டார்கள். கச்சேரி மேடையில் தம்பூராவைச் சுருதி சேர்ப்பதற்கு எடுத்துக்கொள்ளும் அக்கறை அந்த வேலையில் தெரிகிறது.

போர்ஷே வேறு வழியில் போனது. 911-இன் 991 தலைமுறையில், எஞ்சினுக்குள் போகும் காற்றின் துடிப்பை ஒரு சவ்வு வழியாகப் பிடித்து, குழாய் மூலம் பயணியர் பகுதிக்கு அனுப்பும் அமைப்பை வைத்தார்கள். ஸ்போர்ட் பட்டனை அழுத்தினால் அந்தக் குழாய் திறக்கும். 2011-இல் வந்த பி.எம்.டபிள்யூ. எம்5 இன்னும் ஒரு படி மேலே போய், எஞ்சின் சத்தத்தை ஸ்பீக்கரிலேயே ஒலிக்கவிட்டது. ரசிகர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அந்தக் கோபம் புரிகிறது. போர்ஷேயின் குழாயில் வருவது உண்மையான துடிப்பு. ஸ்பீக்கரில் வருவது பதிவு. தங்கள் கவனத்துக்குக் கொடுக்கப்படும் பொருள் அசலாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

இதுவரை பேசியது உள்ளே உட்கார்ந்திருப்பவரைப் பற்றி. வெளியே நிற்பவர்கள் வைத்திருக்கும் பிம்பம் வேறு. விலையுயர்ந்த கார்க்காரர்களுக்குத் திமிர் என்ற பேச்சு ஐரோப்பா முழுக்க உண்டு. மியூனிக் சந்திப்பு ஒன்றில் பச்சை விளக்கு எரிந்த பிறகும் ஒரு ஃபோக்ஸ்வாகன் ஜெட்டாவை நகராமல் நிறுத்தி, பின்னால் நிற்பவர்கள் எத்தனை நொடியில் ஹாரன் அடிக்கிறார்கள், லைட் போடுகிறார்கள் என்று அளந்தார்கள். 1996-இல் வெளியான ஆய்வு. உயர்தரக் கார்களில் இருந்தவர்களின் பொறுமைதான் சீக்கிரம் தீர்ந்தது. ஆனால் பின்லாந்தில் யான்-எரிக் லென்க்விஸ்ட் குழுவினர் 1,892 கார் உரிமையாளர்களை ஆராய்ந்தபோது கிடைத்த சித்திரம் அவ்வளவு ஒற்றை நிறமாக இல்லை. ஆடி, பி.எம்.டபிள்யூ., மெர்சிடிஸ் வைத்திருக்கும் ஆண்களில், விட்டுக்கொடுக்காத, வாக்குவாதம் செய்கிற குணம் அதிகம் இருந்தது உண்மை. கூடவே, ஆண் பெண் இருபாலரிலும் ஒழுங்கும் பொறுப்பும் மிக்க இன்னொரு வகையினரும் அதே கார்களை நாடினார்கள். நம்பகத்தன்மைக்காகக் கொடுத்த காசும், கெத்துக்காகக் கொடுத்த காசும் ஒரே லோகோவில் போய்ச் சேருகின்றன. சாலையில் நம்மைக் கடந்து போகிறவர் எந்த வகை என்று காரைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

பிம்பம் எவ்வளவு உறுதியானது என்பதற்கு உரிமையாளர் பட்டியலே சாட்சி. ரோல்ஸ் ராய்ஸ் கார் பி.எம்.டபிள்யூ. வசம், பென்ட்லி ஃபோக்ஸ்வாகன் வசம், வோல்வோ கார்கள் 2010 முதல் சீனாவின் ஜீலி வசம், ஜாகுவாரும் லேண்ட் ரோவரும் 2008 முதல் டாடா வசம். பி.எம்.டபிள்யூ. கார்கள் 2007 முதல் செங்கல்பட்டு பக்கம் மகிந்திரா சிட்டியில் பாகங்களைப் பொருத்தித் தயாரிக்கப்படுகின்றன. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா ஆலைக்கு 2024-இல் அடிக்கல் நாட்டியபோது, ஜாகுவார் லேண்ட் ரோவர் கார்களும் அங்கே தயாராகும் என்று அறிவித்தார்கள். பொருத்துகிறவர் செங்கல்பட்டுக்காரராக இருந்தாலும் வாங்குகிறவர் ‘ஜெர்மன் கார்’ என்றுதான் சொல்கிறார். அதில் உழைத்த கைகளுக்கும் அந்தப் பெயரில் பங்கு இருக்கிறது என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

இப்போது மின்சாரக் கார் வந்து இந்தக் கணக்கையெல்லாம் கலைத்திருக்கிறது. எஞ்சினே இல்லை என்றால் எதன் துடிப்பைக் குழாயில் அனுப்புவது? பி.எம்.டபிள்யூ. தன் மின்சாரக் கார்களின் உள்ளோசைக்கு ஹாலிவுட் இசையமைப்பாளர் ஹான்ஸ் ஸிம்மரை அழைத்தது. வெளியோசைக்கு அழைத்தது சட்டம். சத்தமில்லாமல் வரும் கார் பார்வையற்றவர்களுக்கு ஆபத்து என்பதால், 2019 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாக அனுமதி பெறும் மின்சாரக் கார் மாடல்கள் 20 கி.மீ. வேகம் வரை செயற்கை ஓசை எழுப்பியே ஆக வேண்டும். வேகத்துக்கு ஏற்ப அதன் சுருதி மாற வேண்டும், குறைந்தபட்ச உரப்பு இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அந்த எல்லைக்குள் ஓசையின் சாயலை நிறுவனமே வடிவமைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் ஓசையைச் செதுக்கிக்கொண்டிருக்கிறது. உடற்கூட்டிலும் வளைவிலும் லோகோவிலும் நூறாண்டுகளாகப் பெரும்பாலும் கண்ணுக்கே காட்டிவந்த அடையாளத்தை, அந்த லோகோவைப் பார்க்கவே முடியாதவர் இனி சாலையோரத்தில் நின்று காதால் இனம் காணலாம்.