கண்ணாடியைக் கழற்றச் சொன்ன சாட்சி
ஜெருசலேம், பிப்ரவரி 1987

நாஜிப் பிடியிலிருந்த போலந்தின் டிரெப்ளிங்கா கொலைமுகாமில், விஷவாயு அறையின் எஞ்சினை இயக்கிய காவலனுக்குக் கைதிகள் வைத்த பெயர் ‘கொடூர இவான்’. அமெரிக்கக் கார் ஆலையில் வேலை பார்த்த உக்ரைன்காரர் ஜான் டெம்யான்யுக்தான் அவன் என்று இஸ்ரேல் வழக்கு நடத்தியது.

முகாமிலிருந்து தப்பிய சாட்சி எலியாகு ரோசன்பெர்க், நீதிமன்றத்தில் டெம்யான்யுக்கைக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். அருகே போய்க் கண்களை உற்றுப் பார்த்தார். இவன்தான் என்றார். டெம்யான்யுக் கைகுலுக்கக் கை நீட்டியதும் பதறிப் பின்வாங்கினார். ஆனால் முகாமில் 1943-இல் நடந்த கைதிகளின் கிளர்ச்சியில் இவான் கொல்லப்பட்டதாக 1947-இல் வாக்குமூலம் தந்திருந்தவரும் அவரே.

முன்பு அடையாளம் காணச் சாட்சிகளுக்குக் காட்டிய படங்களில் டெம்யான்யுக்கின் படம் மற்ற பலவற்றைவிடப் பெரியது, தெளிவானது.

1988-இல் மரண தண்டனை. பிறகு கிடைத்த சோவியத் ஆவணங்களில், முகாமின் முன்னாள் காவலர்கள் இவானின் குடும்பப் பெயர் மார்ச்சென்கோ என்று கூறியிருந்தார்கள். 1993-இல் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் டெம்யான்யுக்கை விடுவித்தது.

2011-இல் மியூனிக் நீதிமன்றம், அவர் நாஜிகளின் மற்றொரு கொலைமுகாமான சோபிபோரில் காவலராக இருந்து 28,060 கொலைகளுக்கு உடந்தையானார் எனத் தீர்ப்பளித்தது. முக்கியச் சான்று, அவர் பெயரில் இருந்த, 1393 எண்ணிட்ட பழைய அடையாள அட்டை. மேல்முறையீடு முடியுமுன், 2012-இல் அவர் இறந்தார்.