நெய்யைக் குறைக்கும் முன் பருப்பைக் கூட்டுங்கள்

ரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கிறது என்று மருத்துவர் சொன்னதும், பல வீடுகளில் முதலில் பறிபோவது வெண்பொங்கல்தான். ஒன்று, அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். இல்லாவிட்டால் நெய்யையும் முந்திரியையும் நீக்கிவிட்டு, ஓட்ஸில் கிண்டியதைப் பொங்கல் என்று தட்டில் வைக்கிறார்கள். சில நாள் பொறுத்துக்கொள்ளும் நாக்கு, பிறகு ஓட்டலைத் தேடிப் போகிறது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொல்கிறது. இத்தனை பேரையும் பிடித்த உணவிலிருந்து பிரித்துவைப்பது நடக்கிற காரியமல்ல. உணவைத்தான் திருத்தியாக வேண்டும். எந்த இடத்தில் கை வைப்பது என்பதில்தான் நாம் தவறுகிறோம்.

பொங்கலை நாம் விரும்புவது எதற்காக? வாயில் வைத்ததும் கரையும் குழைவு, நெய்யில் பொரிந்த மிளகு சீரகத்தின் மணம், இடையிடையே கடிபடும் இஞ்சியும் முந்திரியும். இவற்றில் எதுவும் தீட்டிய பச்சரிசிக்கு மட்டும் சொந்தமானதல்ல. சர்க்கரையைச் சட்டென்று ஏற்றுவதோ அந்த அரிசிதான். வழக்கமான அளவு நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பயத்தம்பருப்பு. அந்தக் கலவை 100 கிராமில் புரதம் ஏறக்குறைய 11 கிராம். இரண்டையும் சரிபாதியாகப் போட்டால் அது 16 கிராமாகிறது. மாவுச்சத்தும் அதற்கேற்பக் குறைகிறது. பருப்பை வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்து, தண்ணீரைத் தாராளமாக விட்டு வேகவைத்து, சூட்டோடு கரண்டியால் மசித்தால் குழைவு கூடுமே தவிரக் குறையாது. மீதிப் பாதி அரிசிக்குப் பதில் சாமை போட்டால் நார்ச்சத்தும் சேரும். ஆனால் கடையில் பளிச்சென்று வெளுத்திருக்கும் சாமையை வாங்கிப் பயனில்லை. தவிடு போகத் தீட்டிவிட்டால் சிறுதானியமும் கிட்டத்தட்ட வெள்ளையரிசி மாதிரிதான்.

நெய் கெடுதல் இல்லையா என்று கேட்பார்கள். அளவு மீறினால் கெடுதல்தான். ஒரு தேக்கரண்டியில் 45 கலோரி இருக்கிறது. ஆனால் வேகும்போதே கரண்டி கரண்டியாக ஊற்றும் நெய் பொங்கலுக்குள் போய் மறைந்துவிடுகிறது, நாக்குக்கு அது எட்டுவதே இல்லை. ஆளுக்கு ஒரு தேக்கரண்டி நெய்யில் மிளகு, சீரகம், கறிவேப்பிலை, இஞ்சி தாளித்துக் கடைசியில் மேலே கொட்டினால், குறைந்த நெய்யே நிறைய மணக்கும். நெய்யே இல்லாத பொங்கலை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இரண்டு நாள்கூட நிலைக்காத திருத்தத்தால் யாருக்கு என்ன நன்மை?

தாத்தா காலத்தில் பொங்கல் சாப்பிட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்ற வாதமும் உண்டு. அன்று பல வீடுகளில் நெல்லுச்சோறே விசேஷ நாளுக்குத்தான்; மற்ற நாட்களில் கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும். அரிசியும் கைக்குத்தல். சாப்பிட்டதைக் கரைக்க வயலில் வேலை இருந்தது. பொங்கலோடு இரண்டு மெதுவடையும் சேர்த்து முடித்துவிட்டு நாற்காலியில் போய் உட்காரும் காலையை அவர்கள் அறியமாட்டார்கள். அந்த வடையின் இடத்தில் ஒரு கிண்ணம் கத்திரிக்காய் கொத்சு வைக்கலாம். பொங்கலுக்குக் கொத்சு புதிய ஜோடி அல்ல, சிதம்பரத்துக்காரர்களைக் கேட்டால் தெரியும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் பருப்பைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சாமைப் பொங்கல் பிடிக்கவில்லை என்பவர்களில் பலர் அதை ஆறிய பிறகு சாப்பிட்டவர்களாக இருப்பார்கள். சாமை ஆற ஆறத் தண்ணீரை இழுத்துக் கட்டியாகிவிடும். பரிமாறும்முன் அரை டம்ளர் வெந்நீர் விட்டு ஒரு முறை கிளறி, அப்போதுதான் தாளித்துக் கொட்ட வேண்டும்.